டைல்ஸ் முடியுற இடத்துல என்ன பண்றது? பாத்ரூம் ஓரங்களுக்கு ஒரு எபிசோட்

காட்டுமன்னார்கோயில்ல எங்க வீட்டு பாத்ரூமைப் புதுப்பிக்கிற வேலை பத்திப் பேசிட்டு வர்றோம். போன எபிசோட்ல வாட்டர்ப்ரூஃபிங். இந்த எபிசோட் முழுக்க ஒரே விஷயம்தான், டைல்ஸோட ஓரம். ஆபீஸ்ல கூட வேலை பார்க்குற ஒருத்தர், "ஓரத்துக்கு ஒரு எபிசோடா?"ன்னு சிரிச்சார். சாஃப்ட்வேர்ல எட்ஜ் கேஸ்னு சொல்வோம் இல்லையா? நடுவுல எல்லாம் சரியாத்தான் ஓடும், பக் வர்றது எல்லைல. பாத்ரூம்லயும் அதே கதைதான். சுவரோட நடுவுல டைல்ஸ் ஒட்டுறதை யாரும் ஓரளவுக்குப் பண்ணிடலாம். டைல்ஸ் எங்க முடியுதோ, அங்கதான் தண்ணி உள்ள போகும், அங்கதான் உடையும், அங்கதான் கை கிழியும்.

கை கிழியும்னு சும்மா சொல்லலை. எங்க ஆயாவுக்கு எண்பதைத் தாண்டியாச்சு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க. லேசா ஒரு கீறல் விழுந்தாலும் ரத்தம் நிக்க நேரமாகும். அவங்க உக்காந்து குளிக்கிறதுக்காக பாத்ரூம் மூலையில ஒரு திட்டு கட்டுறோம். எழுந்திருக்கும்போது அவங்க உள்ளங்கையை ஊன்றப் போறது அந்தத் திட்டோட ஓரத்துலதான். அதனால இந்த ஓரம் எப்படி இருக்கணும்ங்கிறது எங்களுக்கு அழகு சம்பந்தப்பட்ட கேள்வியா இருக்கலை.

முதல்ல, ஓரம் ஏன் பிரச்சினை? சுவர் டைல்ஸ் ஒண்ணை உடைச்சுப் பாருங்க. மேல கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பூச்சு, கிளேஸ். அதுக்குக் கீழ பிஸ்கட் மாதிரி வெளுப்பாவோ செம்மண் நிறத்துலயோ சுட்ட களிமண். டிசைன், பளபளப்பு, தண்ணி புகாத தன்மை எல்லாம் அந்த மேல் பூச்சுல மட்டும்தான். ஐஎஸ்ஓ 13006ன்னு ஒரு உலகத் தர விதி இருக்கு. அதுல சாதாரண சுவர் டைல்ஸ் வர்ற பிரிவு தன் எடையில 10 சதவீதத்துக்கு மேல தண்ணி உறிஞ்சுற வகை. போர்சிலைன், அதாவது நாம விட்ரிஃபைடுன்னு கடையில கேக்குறது, 0.5 சதவீதம் அல்லது அதுக்கும் கீழ. அப்போ சுவர் டைல்ஸை வெட்டி, வெட்டுன பக்கத்தை அப்படியே வெளிய தெரிய விட்டா, அசிங்கமா தெரியுறது ஒரு பக்கம். அந்தப் பக்கம் தண்ணியைக் குடிச்சிட்டே இருக்குறது இன்னொரு பக்கம்.

பழைய வீடுகள்ல இந்தத் தலைவலி கிடையாது. குளியலறை சிமெண்ட் பூச்சா இருந்தப்போ, கொத்தனார் கரண்டியாலயே முனையை மழுக்கி விட்டுடுவார். தரையும் சுவரும் சேர்ற இடத்துலயும் ஒரு வளைவு இருக்கும், அழுக்கு தங்காது. டைல்ஸ் தட்டையான பொருள். வளைக்க முடியாது. அதனால மூலைங்கிற பிரச்சினையை அது கூடவே கொண்டு வந்துடுச்சு. ஒரு காலத்துல டைல்ஸ் கம்பெனிகளே ஓரம் உருண்ட புல்நோஸ் டைல்ஸைச் சேர்த்து வித்தாங்க. இப்போ அதே நிறம், அதே டிசைன்ல அது கிடைக்கிறது அபூர்வம். கிடைச்சா வாங்கிடுங்க. அதைப் பத்தி அவ்வளவுதான்.

மிச்சம் இருக்குறது மூணு வழி: 45 டிகிரி வெட்டு, ட்ரிம் பட்டி, கிரானைட் பட்டி.

நம்ம ஊர்ல எந்தக் கொத்தனார்கிட்ட கேட்டாலும் முதல்ல வர்ற பதில் 45 வெட்டுதான். வெளிமூலையில சந்திக்கிற ரெண்டு டைல்ஸோட பின்பக்கத்தையும் சாய்வா சீவி, ரெண்டையும் முகத்தோட முகம் சேர்க்கிறது. கல்லை மடிச்சு வச்ச மாதிரி இருக்கும். எங்க கொத்தனார் சொன்னார், "தம்பி, 45 போட்டாதான் ஷோவா இருக்கும். பட்டி வச்சா கடை மாதிரி ஆயிடும்." பார்க்க அது உண்மைதான். நல்லா பண்ணின 45 வெட்டை விட அழகான மூலை எதுவும் இல்லை. ஆனா அதை நல்லா பண்றது ரொம்பக் கஷ்டம். காரணம் சொல்றேன்.

சரியா 45ல சீவினா, முகப்பு ஓரம் பிளேடு மாதிரி ஆயிடும். அந்த இடத்துல கிளேஸுக்குக் கீழ அதைத் தாங்க எதுவுமே இல்லை. பக்கெட்டோட விளிம்பு இடிச்சா போதும், பொரிஞ்சு உள்ள இருக்குற வெளுப்பு தெரியும். அதனால தெரிஞ்சவங்க முழுசா சீவ மாட்டாங்க. கிளேஸுக்குக் கீழ ஒரு மில்லிமீட்டர் கனத்தை விட்டுட்டுத்தான் சாய்வை ஆரம்பிப்பாங்க. ரெண்டாவது, சாய்வை 45ஐ விட ஒண்ணு ரெண்டு டிகிரி கூடுதலா எடுப்பாங்க, பின்பக்கம் பசை நிக்க இடம் வேணும்ங்கிறதுக்காக. மூணாவது, முகத்தோட முகம் ஒட்டி வைக்காம ஒரு மெல்லிய இடைவெளி விட்டு, அதுல அதே நிறத்து எபாக்ஸியை நிரப்பி, காய்ஞ்சதும் முனையை லேசா தேய்ச்சு மழுக்கணும். இந்த மூணும் இல்லாத 45 வெட்டு கத்தி.

இன்னொரு சிக்கல் சுவர். 45ம் 45ம் சேர்ந்தா 90. சுவர் மூலை 90ஆ இருந்தாதானே? மூலைமட்டம் வச்சுப் பாருங்க, தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க. எங்க வீட்டுத் தடுப்புச் சுவர் மேல ஒரு கோணம், கீழ ஒரு கோணம். டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி பூச்சுலயே அதைச் சரி பண்ணணும். அப்புறம் டைல்ஸை வச்சு சமாளிக்கப் பார்த்தா, மூலைக்கோடு மேல ஒட்டியும் கீழ வாயைத் திறந்தும் நிக்கும்.

சீவுற வேலையில யாரும் பேசாத ஒண்ணு இருக்கு. அது தூசி. நம்ம ஊர்ல 45 வெட்டுன்னா வாசல்ல உக்காந்து கை மெஷினால காய்ஞ்ச டைல்ஸைத் தேய்க்கிறது. ஒரு மூலைக்கு ஏழடி உயரம், ரெண்டு பக்கம், மொத்தம் பதினாலு அடி சீவணும். முழு கனமும் தூளாப் பறக்கும். அந்தத் தூள்ல சிலிகா இருக்கு. அது நுரையீரலுக்குள்ள போய்ப் படிஞ்சா வர்ற சிலிகோசிஸுக்கு குணமாக்குற மருந்து கிடையாது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல் பலகைகளையே தடை பண்ணிடுச்சு. அதை வெட்டுற தொழிலாளிகளுக்கு இந்த நோய் வந்ததுதான் காரணம். டைல்ஸ்ல அந்த அளவுக்கு சிலிகா இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா எங்க வீட்டு வாசல்ல ஒரு மனுஷர் வாயில துண்டைக் கட்டிக்கிட்டு அரை நாள் அதைச் சுவாசிக்கிறதை நான் பார்த்தேன். துண்டு அந்தத் துகளைத் தடுக்காது. என்95 மாஸ்க் ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்க. தண்ணி ஊத்தி வெட்டுற மேஜை மெஷின் வாடகைக்குக் கிடைச்சா எடுங்க. சாதாரண கை மெஷின் மேல பாட்டில்ல தண்ணி ஊத்தி வெட்டுறது கரண்ட்டோட விளையாடுறது, அதை மட்டும் விடாதீங்க. வேலை நடக்குற ப்ளக் பாயிண்ட்டுக்கு ஆர்சிசிபி இருக்கான்னும் பாருங்க.

சரி, ரெண்டாவது வழி. ட்ரிம், ப்ரொஃபைல், பீடிங், பட்டி, கடைக்குக் கடை பேர் மாறும். சுவர் டைல்ஸோட ஓரத்துல கோடு மாதிரி தெரியுற உலோக அல்லது பிவிசி பட்டை. இதுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. ஜெர்மனியில இசர்லோன்ங்கிற ஊர்ல வெர்னர் ஷ்லூட்டர்னு ஒரு டைல்ஸ் மேஸ்திரி, 1966ல சொந்தமா தொழில் ஆரம்பிச்சவர். டைல்ஸ் முடியுற ஓரம் உடையாம காக்குறதுக்காக 1975ல ஒரு எல் வடிவ உலோகப் பட்டையைக் கொண்டு வந்தார். இன்னைக்கு உலகம் முழுக்க நூறு கம்பெனிகள் விக்கிற ட்ரிம் எல்லாத்துக்கும் அடிப்படை வடிவம் அதுதான். கண்டுபிடிச்சது இன்ஜினியர் இல்லை, டைல்ஸ் ஒட்டுற ஆள். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல்.

இந்த எல் வடிவத்துல ஒரு கால் முழுக்க ஓட்டை ஓட்டையா இருக்கும். அந்தக் கால் டைல்ஸுக்கு அடியில, பசைக்குள்ள புதையணும். பசை அந்த ஓட்டைகள் வழியா ஏறிப் பிடிச்சுக்கும். இதுல இருந்து ரெண்டு விஷயம் தெரியுது. ஒண்ணு, ட்ரிம்மை டைல்ஸோட சேர்த்துத்தான் வைக்க முடியும். எல்லாம் ஒட்டி முடிச்சிட்டு, "இந்த ஓரத்துக்கு ஒரு பட்டி போட்டுடலாமா?"ன்னு கேட்டா நேரம் கடந்துடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு, நம்ம ஊர் முறையில சிக்கல் இருக்கு. இங்க இன்னும் நிறைய பேர் சுவர் டைல்ஸை சிமெண்ட் கலவையில, பால் ஊத்தித்தான் ஒட்டுறாங்க. ஒண்ணரை ரெண்டு சென்டிமீட்டர் கலவைக்குள்ள அந்த மெல்லிய கால் மிதக்கும், நேரா நிக்காது. ட்ரிம் வேணும்னா பூச்சை மட்டமா முடிச்சு, ஐஎஸ் 15477 முத்திரை இருக்குற டைல்ஸ் பசையில சீப்புக் கரண்டியால தேய்ச்சு ஒட்டுறதுதான் வழி. பசையில ஒட்டினாலும் நாலு மூலையில நாலு உருண்டை வச்சு அமுக்குற வேலையை விடாதீங்க. ஓரத்துக்குப் பின்னாடி வெற்றிடம் இருந்தா ட்ரிம் போட்டாலும் உடையும். காய்ஞ்சதும் ஒரு ரூபா காசால தட்டிப் பாருங்க, பொள்ளல் சத்தம் வந்தா அந்த டைல்ஸை எடுத்துட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்க.

அளவு எடுக்கும்போது டைல்ஸ் கனத்தை அட்டைப்பெட்டியில படிக்காதீங்க, கையில வச்சு அளங்க. ட்ரிம் டைல்ஸ் முகத்தோட சமமா இருக்கணும், இல்லைன்னா ஒரு முடி அளவு உயரமா. டைல்ஸ் ட்ரிம்மை விட உயரமா நின்னா, காக்க வேண்டிய ஓரமே வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். டைல்ஸுக்கும் ட்ரிம்முக்கும் நடுவுல ஒண்ணரை ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு கிரவுட் நிரப்பணும்.

எந்த உலோகம்? இங்கதான் நம்ம ஊர் பழக்கம் ஒண்ணு குறுக்க வருது: ஆசிட். வெளிநாட்டு வீடியோ எதுலயும் இதைச் சொல்ல மாட்டாங்க. நம்ம வீடுகள்ல பொங்கலுக்கு முன்னாடி, விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி, பாத்ரூம்ல ஆசிட் ஊத்திக் கழுவுறது சடங்கு மாதிரி. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அலுமினியம் ட்ரிம் அதுல நுரைச்சு, திட்டுத்திட்டா வெளுத்துடும். அலுமினியத்துக்கு ஈர சிமெண்ட்டும் ஆகாது, வேலை நடக்கும்போதே வழிஞ்சதைத் துடைக்கணும். எஸ்எஸ் 304 துரு பிடிக்காதுன்னு சொல்லித்தான் விப்பாங்க, ஆனா குளோரைடுக்கு அது மசியும், புள்ளி புள்ளியா அரிக்கும். 316 கொஞ்சம் தாங்கும், ஆசிட் ஊத்தினா அதுவும் பாதிக்கும். பிவிசிக்கு ஆசிட் பிரச்சினை இல்லை, ஆனா மலிவான ரகம் நாளடைவுல மஞ்சளாகி நொறுங்கும். ஆசிட் சிமெண்ட் கிரவுட்டையும் தின்னும். அம்மாகிட்ட நான் சொன்னது, ஆசிட் பாட்டிலையே வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்கன்னுதான். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டுத் தேய்க்கிறவங்க இருக்காங்க. அதுல வர்றது குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல அது ஆளையே கொன்னுடலாம்.

மூணாவது, கிரானைட் பட்டி. எனக்கு இதுதான் பிடிச்சது. 18ல இருந்து 20 மில்லிமீட்டர் கனம், உள்ளயும் வெளியயும் ஒரே கல். வெட்டினாலும் தேய்ச்சாலும் வேற நிறம் வெளிப்படாது. ஓரத்தை அரை வட்டமா உருட்டி பாலிஷ் போடலாம். கிரானைட் கடையில சமையல் மேடைக்கு வெட்டி மிஞ்சின துண்டுகள் கிடக்கும், பாத்ரூம் ஓரத்துக்கு அதுவே தாராளம். ஆயா திட்டுக்கு நாங்க போட்டது இதைத்தான். கொத்தனார் அங்கயும் 45தான்னு நின்னார். "அண்ணே, ஆயா கை ஊன்ற இடம் அது"ன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, "அப்போ உருட்டிடுவோம், தம்பி"ன்னுட்டார். அதுக்கு மேல பேச்சே இல்லை.

திட்டு மேல ஒரே கல்லா போட்டோம், இணைப்பே இல்லாம. முன்பக்க டைல்ஸை விட ஒரு சென்டிமீட்டர் வெளிய நீட்டி, அடியில ஒரு சின்ன காடி வெட்டினோம், வழியுற தண்ணி கல்லோட அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுவருக்குள்ள போகாம சொட்டிடட்டும்னு. முன்னாடி பக்கம் லேசா வாட்டம். மேற்பரப்பு கண்ணாடி பாலிஷ் வேண்டாம், சோப்புத் தண்ணியில வழுக்கும், சொரசொரப்பான ஃபினிஷ் கேட்டு வாங்குங்க. ஷாம்பு வைக்கிற மாடத்துக்கும், ஜன்னல் அடிக்கும் இதே விதி. அடிக்கல்லை முதல்ல போட்டு, பக்க டைல்ஸ் அதுமேல வந்து உக்காரணும். வாட்டம் வெளிய பார்த்து இருக்கணும்.

தடுப்புச் சுவரோட செங்குத்து மூலைக்கு மட்டும் 316 ட்ரிம். வாசல் நிலைக்கு அடியில கிரானைட். 45 வெட்டு ஒரே இடத்துல, வாஷ்பேசினுக்குப் பின்னாடி, யார் கையும் படாத மூலையில. கொத்தனார் திறமை வீணாகக் கூடாது இல்லையா!

உள்மூலைகளைப் பத்தியும் சொல்லணும். சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேர்ற கோட்டுல எல்லாரும் கிரவுட்தான் நிரப்புறாங்க. எங்க ஊரைப் பாருங்க. வீராணம் ஏரிப் பாசனம், களிமண் பூமி. கோடையில வயல் பாளம் பாளமா வெடிக்கும், தண்ணி வந்ததும் ஊதிச் சேர்ந்துடும். அந்த மண்ணு மேலதான் வீடும் நிக்குது. ஒவ்வொரு சுவரும் தனித்தனியா ஒரு நூல் அளவாவது அசையும். அசையுற இடத்துல அசையாத பொருளை வச்சா விரிசல்தான். அமெரிக்க டைல்ஸ் கவுன்சில் கையேட்டுல ஈஜே171னு ஒரு பகுதியே இதுக்கு இருக்கு. தளம் மாறுற மூலையில மென்மையான இணைப்பு வைன்னு சொல்லுது. அதாவது சிலிக்கான். வாங்கும்போது பூஞ்சை பிடிக்காத, நியூட்ரல் வகையாப் பாருங்க. வினிகர் வாசனை அடிக்கிற வகை உலோகத்தையும் சில கல்லையும் பாதிக்கும். மூலையில இருக்குற கலவைத் துணுக்கைச் சுரண்டி எடுத்து, நல்லா காய விட்டு, அப்புறம் ஒரே இழுப்புல போடணும்.

மேல் ஓரத்துல ஒரு கணக்கு இருக்கு, இதைக் கேளுங்க. கடையில "ஒண்ணுக்கு ரெண்டு"ன்னு சொல்ற டைல்ஸ் நிஜத்துல 300க்கு 600 மில்லிமீட்டர். ஒரு அடிங்கிறது 304.8. ஏழு வரிசை போட்டா 2100, நடுவுல ஆறு இணைப்பு ரெண்டு மில்லிமீட்டர் வீதம் 12, மொத்தம் 2112. ஏழடின்னா 2134. கிட்டத்தட்ட ரெண்டு சென்டிமீட்டர் குறையும். நிலைவாசல் ஏழடின்னு நினைச்சுக் கோடு போட்டிருந்தா, கடைசியில ரெண்டு சென்டிமீட்டர் துண்டு டைல்ஸை வெட்டி ஒட்டுவாங்க, கண்ணை உறுத்தும். முன்னாடியே கணக்குப் போட்டு, முழு டைல்ஸ்ல முடிச்சிட்டு, மேல இருக்குற பூச்சை டைல்ஸ் முகம் வரைக்கும் கனமாக்கிச் சமம் பண்ணிடுங்க. இல்லைன்னா மேல ஒரு சின்ன மேடை உருவாகும். தூசியும் பல்லி எச்சமும் அதுலதான் சேரும். காசு இருந்தா சீலிங் வரைக்கும் ஒட்டிடுங்க, ஓரமே இருக்காது.

சிதம்பரத்துல இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "எங்க வீட்டுல ஏற்கெனவே 45 வெட்டு போட்டாச்சு, முனை கூர்மையா இருக்கு, சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, உடைக்காம என்ன பண்ணலாம்?"

பண்ணலாம். கையால தேய்க்கிற டைமண்ட் பேட் ஹார்டுவேர் கடையில கிடைக்கும். முதல்ல 200 கிரிட், அப்புறம் 400. பேடைத் தண்ணியில நனைச்சு, முனையில 45 டிகிரி சாய்வா பிடிச்சு, மேல இருந்து கீழ ஒரே திசையில இழுங்க. முன்னும் பின்னும் அரக்கினா கிளேஸ் பொரியும். ஒரு மில்லிமீட்டர் மழுங்கினா போதும், அதுக்கு மேல போனா உள்நிறம் தெரிஞ்சிடும். ஏற்கெனவே பொரிஞ்ச இடம் இருந்தா தூசியைத் துடைச்சு, ஒரு நாள் யாரும் குளிக்காம காய விட்டு, அதே நிறத்து எபாக்ஸியை நிரப்பி, இறுகினதும் 400ல தேய்ச்சு விடுங்க. காசால தட்டும்போது மூலை முழுக்க பொள்ளலா கேட்டா மட்டும் இது பலிக்காது. அந்த ஒரு வரிசையை எடுத்துட்டு ட்ரிம்மோட மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

அடுத்த எபிசோட்ல தரை வாட்டம். வாட்டர் ட்யூப், ரசமட்டம் ரெண்டையும் எடுத்து வச்சுக்கோங்க.